கூப்பிடு தூரம்

தூரத்தைச் சொல்வதற்கு நம் முன்னோர் வைத்திருந்த அளவுகளில் ‘கூப்பிடு தூரம்’ என்பதும் ஒன்று. மைல் கற்களும் கிலோமீட்டர்ப் பலகைகளும் வருவதற்கு முன்பே வழங்கிய அளவு அது. “தோட்டம் எங்கே இருக்கிறது?” என்று வழிப்போக்கர் கேட்டால், “கூப்பிடு தூரந்தான்” என்று குடியானவர் கைகாட்டுவார். ஒருவர் கூப்பிட்டால் மற்றவர் செவியில் விழும் தூரம் என்பது அதன் பொருள். சிறு வயது முதல் இச்சொல்லைக் கேட்டும் சொல்லியும் வந்த நாம், அதற்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதைச் சென்ற ஆண்டு வரையில் எண்ணிப் பார்த்ததில்லை. கூப்பிடுகிறவர் ஒருவர், கேட்கிறவர் ஒருவர். இந்தச் சின்ன உண்மையைக் கற்றுக்கொள்ள நாம் கொடுத்த விலை சிறிதன்று. பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நம் சங்கத்துக் குடும்பத்தினர்க்கு அது பயன்படக்கூடும் என்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

நாம் பாலக்காட்டில் ரயில்வே குமாஸ்தாவாக இருக்கிறோம். பத்தாம் வகுப்புத் தேறியதோடு படிப்பு நின்றது. இருப்புப்பாதையில் சுத்தியல் பிடித்துச் சில ஆண்டுகள் உழைத்து, துறைத் தேர்வு எழுதி, மேசைக்கு வந்து சேர்ந்தோம். தாய் தந்தையர் ஆனைகட்டியில் இருக்கிறார்கள். கோவையிலிருந்து தடாகம் வழியாக மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் சென்று, மலை வளைவுகளைக் கடந்தால் ஆனைகட்டி. ஊர் ஒன்று, மாநிலம் இரண்டு. ஒரு பக்கம் கோவை மாவட்டம். மறு பக்கம் பாலக்காட்டைச் சேர்ந்த அட்டப்பாடி. கடைப் பலகைகளில் தமிழும் மலையாளமும் அருகருகே நிற்கும். சந்தையில் இருளர் மக்களின் பேச்சும் கலந்து ஒலிக்கும். பறவைகளை ஆராய்வதற்கென 1990-இல் தொடங்கப்பெற்ற சாலிம் அலி மையம் அமைந்திருப்பதும் இங்கேதான்.

பெயரிலேயே ஆனையைக் கட்டி வைத்திருக்கும் ஊரில் ஆனைக்குப் பஞ்சம் இராது அல்லவா? தடாகம் பள்ளத்தாக்கு முழுவதும் அவை நடமாடும் வழி. 2019 ஜனவரியில், ‘சின்னத்தம்பி’ என்று மக்கள் பெயரிட்டழைத்த ஆண் யானையைத் தடாகம் பகுதியில் பிடித்து, கழுத்தில் ரேடியோ பட்டை அணிவித்து, டாப்சிலிப் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். சில நாட்களில் அது காட்டை விட்டிறங்கி உடுமலைப்பேட்டைப் பக்கம் வந்துவிட்டது. பிப்ரவரியில் மறுபடியும் பிடிக்க வேண்டியதாயிற்று. ஊர் மாறி வந்தவர்களாகிய நமக்கு அச்செய்தியைப் படித்தபோது நெஞ்சு சற்றே கனத்தது உண்மை.

தந்தையாருக்கு மூன்று ஏக்கர் நிலம். வீட்டை ஒட்டித் தென்னையும், ஒரு மேட்டுக்கு அப்பால் ஓடைக்கரையில் வாழையும் சோளமும். அந்தக் கீழ்த்தோட்டம் வீட்டிலிருந்து முக்கால் கிலோமீட்டர் இருக்கும். அதற்கும் காட்டுக்கும் இடையே வேலி ஒன்றுதான். அறுவடைக் காலம் வந்தால் தந்தையார் அங்கே பரணில் படுத்துக் காவல் காப்பார். வயது 68. ஒவ்வொரு இரவும் தொலைபேசியில் நாம், “அப்பா, பரணுக்குப் போக வேண்டாமுங்க, பனி ஆகாது” என்போம். அவர், “ஆகட்டும் கண்ணு, எல்லாம் நல்லாத்தான் இருக்குது” என்பார். பேச்சு முடிந்ததும் கம்பளியை எடுத்துக்கொண்டு பரணுக்குப் போய்விடுவார்.

வேண்டாம் என்று வாயால் சொல்லிப் பயனில்லை. அவர் போகாமலிருப்பதற்கு ஒரு வழி செய்து தரவேண்டும் என்று எண்ணினோம். கீழ்த்தோட்டத்தில் கைப்பேசிக்கு அலை கிடைப்பதில்லை. ஆதலின் நாமே ஒரு கம்பியில்லாக் கருவியை அமைக்கலாம் என்று தோன்றியது. வேலியோரம் மெல்லிய கம்பி ஒன்றைக் கட்டுவது. யானை தட்டினால் அங்குள்ள பெட்டி செய்தி அனுப்புவது. வீட்டில் மணி அடிப்பது. தீப்பெட்டி அளவினும் சிறிய வானலைக் கருவிகள் இப்போது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. 865 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 100 மில்லிவாட் ஆற்றலுடன் பேசும் இரண்டு கருவிகளை வாங்கினோம். ரயில்வே மைதானத்தில் வைத்துச் சோதித்தபோது, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மணி கணீரென்று அடித்தது. ஊருக்குக் கொண்டுபோய் வைத்தால், மேட்டைத் தாண்டி ஓர் எழுத்தும் போகவில்லை.

அப்போதுதான் நமக்கு அலைபெருக்கியின்மீது மோகம் பிறந்தது. ஆம்பிளிஃபயர் என்று கடைக்காரர்கள் சொல்லும் பொருள் அதுதான். கருவி கொடுக்கும் 100 மில்லிவாட்டை 1 வாட்டாக, அதாவது 10 மடங்காக ஆக்கித் தரும் என்றார்கள். மடங்கு என்ற சொல்லில் மனிதனுக்கு ஒரு மயக்கம் உண்டு. 10 மடங்கு ஆற்றல் என்றால் 10 மடங்கு தூரம் என்றே நாம் எடுத்துக்கொண்டோம். முதலில் வாங்கியதை, ஏரியலை இணைக்காமலே மின்சாரம் கொடுத்துக் கெடுத்தோம். வெளியே போக வழியில்லாத ஆற்றல் திரும்பி வந்து பெருக்கியையே சுட்டுவிடும் என்பது நமக்குத் தெரியாது. ஒரு மாதத்துப் பால் கணக்குக்குச் சமமான தொகை, ஒரு சிறு புகையாகப் போயிற்று. இரண்டாவதை வாங்கி, வீட்டுப் பக்கத்தில் பொருத்தினோம். தோட்டத்துப் பெட்டி மின்கலத்தில் ஓடுவது. பெருக்கியின் பசிக்கு அது தாங்காது. வீட்டில் மின்சாரம் இருக்கிறது. ஆகவே வீட்டில் வைப்பதே முறை என்று நமது மூளை கூறிற்று.

வீட்டுக் கருவி அவ்வப்போது தோட்டத்துப் பெட்டியைக் கூப்பிட்டு, “இருக்கிறாயா?” என்று கேட்கும்படி அமைத்திருந்தோம். கேள்வி வந்து சேர்ந்தால் பெட்டியில் ஒரு பச்சை விளக்கு மின்னும். நாம் கீழ்த்தோட்டத்தில் நின்று பார்த்தோம். விளக்கு மின்னிற்று! மேட்டைத் தாண்டி வந்துவிட்டது! மகிழ்ச்சியில் வாழைமரங்களையே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மாலைப் பேருந்துக்கு நேரமாகிவிட்டபடியால், கம்பியைத் தட்டி வீட்டு மணியைச் சோதிக்காமலே புறப்பட்டோம். நம் குரல் அங்கே கேட்கிறதென்றால், அதன் குரலும் இங்கே கேட்கத்தானே வேண்டும்? “இனிப் பரணுக்குப் போகாதீர்கள் அப்பா, ஆனை வந்தால் மணி அடிக்கும், மணி அடிக்காவிட்டால் ஆனை இல்லை” என்று சொல்லிவிட்டு வந்தோம். அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றும் நமக்கு உடல் கூசுகிறது.

ஏறக்குறைய இருபது நாட்கள் சென்றன. இரவுதோறும், “மணி எப்படி அப்பா?” என்று கேட்போம். “நல்லாத்தான் இருக்குது கண்ணு” என்பார். ஒரு ஞாயிறன்று முன்னறிவிப்பின்றி ஊருக்குப் போனோம். தந்தையார் கட்டிலில் இருந்தார். வலது முழங்காலில் கட்டு. தாயார்தான் கூறினார்கள். அந்த வாரம் பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரம் பின்னிரவில் வரும் முறை. மணி அடிக்கவில்லை என்ற துணிவில், மூன்று மணிக்குத் தண்ணீர் கட்டத் தனியே கீழ்த்தோட்டத்திற்குப் போயிருக்கிறார். வாழைக்குள் நுழைந்த பிறகுதான், பத்தடி தூரத்தில் இருப்பது இருளன்று, யானை என்பது தெரிந்திருக்கிறது. திரும்பி ஓடியவர் வாய்க்காலில் விழுந்ததால் தப்பினார். நாற்பதுக்கு மேல் வாழைகள் போயின. விழுந்து ஒன்பது நாட்கள் ஆகியிருந்தன. அந்த ஒன்பது இரவுகளும் நாம் அவருடன் தொலைபேசியில் பேசியிருந்தோம்.

“ஏனுங்கப்பா எங்கிட்டே சொல்லலை?” என்று கேட்டோம்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “நீ வாங்கிக் குடுத்த மணி, கண்ணு. அது அடிக்கலைன்னு எப்படிச் சொல்றது?” என்றார்.

பாலக்காட்டுக்குத் திரும்பியதும், ரயில்வேயின் தொலைத்தொடர்புப் பிரிவில் வேலை செய்யும் நண்பர் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் கடிந்துகொள்ளவில்லை, ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். அக்கணக்கை நம் நேயர்களும் அறிந்துகொள்வது நல்லது.

விளக்கின் ஒளி இரு மடங்கு தூரம் போனால், நான்கு மடங்கு பரப்பில் சிதறிப் போகிறது. வானொலி அலையும் அப்படியே. ஆகவே தூரத்தை இரட்டிக்க 4 மடங்கு ஆற்றல் வேண்டும். 10 மடங்கு ஆற்றல் கொடுத்தால் கிடைப்பது மூன்று மடங்குக்குச் சற்று மேற்பட்ட தூரமே. அதுவும் தடையற்ற வெட்டவெளியில். ஏரியல் நிலத்தை ஒட்டித் தாழ்வாக இருந்தால், தரையில் பட்டுத் திரும்பும் அலை நேரே வரும் அலையைக் கெடுக்கிறது. அங்கே தூரத்தை இரட்டிக்க 16 மடங்கு ஆற்றல் தேவைப்படும். 10 மடங்கால் இரு மடங்கு தூரமும் கிட்டாது. இடையில் மேடு நின்றுவிட்டாலோ கணக்கே வேறு. ஆற்றலை மேலும் மேலும் ஏற்றலாமே என்றால், சட்டம் குறுக்கே நிற்கிறது. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் 1 வாட் வரையில்தான் உரிமமின்றிப் பயன்படுத்தலாம். அதனை மீறினால் பிறருடைய செய்திக்கு நாம் இரைச்சல் ஆகிவிடுவோம்.

“இவையெல்லாம் இரண்டாவது குற்றம். முதற்குற்றம் வேறு” என்றார் நண்பர். “பெருக்கியை வீட்டில் வைத்தீர்கள். வீட்டின் குரல் பெருகிற்று. ஆனால், செய்தி சொல்ல வேண்டியது வீடா, தோட்டமா?”

நமக்குச் சுரீரென்றது. பெருக்கி நம் வாயைத்தான் பெரிதாக்கிற்று, காதை அன்று. பலவீனமான மின்கலத்துடன் மேட்டுக்கு அப்பால் நின்ற பெட்டி நமது கேள்வியை ஒவ்வொரு முறையும் கேட்டது. ஒவ்வொரு முறையும் பதில் சொன்னது. அந்தப் பதில்தான் வந்து சேரவில்லை. பச்சை விளக்கைக் கண்டு நாம் மகிழ்ந்தபோது கண்டது நம் குரலின் எதிரொலியைத்தான்.

ரயில்வேயில் இருப்பவர்களாகிய நாம் இப்படி ஏமாந்தது வெட்கக்கேடு. ரயில் வண்டியின் ஓட்டுநரும், முன்பு கார்டு என்றும் இப்போது ரயில் மேலாளர் என்றும் அழைக்கப்படுபவரும் வைத்திருக்கும் கைக்கருவி 5 வாட். நிலையத்திலிருப்பது 25 வாட். நிலையம் கூப்பிடுவது ஓட்டுநருக்குக் கேட்கும். ஓட்டுநரின் பதில் நிலையத்துக்குக் கேட்காது எனும்படியான தூரம் ஒன்று உண்டு. நிலையத்தார் ஏரியலை உயர்ந்த கம்பத்தின்மேல் வைத்திருப்பதன் பயன் அங்கே தெரியும். உயரம் இரு திசைக்கும் உதவுகிறது. தாழ்ந்த ஏரியல் ஒன்றின் உயரத்தை இரட்டித்தால், 4 மடங்கு ஆற்றலைக் கூட்டியதற்கு நிகரான பலன் கிடைக்கும். மின்சாரச் செலவும் இல்லை. பெருக்கியைக் கேட்கும் பக்கத்தில் வைப்பதும் உண்டு. ஆனால், அதை ஏரியலின் அடியிலேயே வைக்க வேண்டும். நீண்ட கம்பியில் செய்தி தேய்ந்து, இரைச்சல் கலந்த பிறகு பெருக்கினால், இரைச்சலும் கூடவே பெருகும். நீர்த்துப்போன மோரை எவ்வளவு பெரிய பானையில் ஊற்றினாலும் கெட்டியாகுமா?

உலகத்துப் பெரியவர்களும் இதையே செய்திருக்கிறார்கள். 1906-இல் லீ டி ஃபாரஸ்ட் உருவாக்கிய மூன்று முனைக் குழாய்தான் மின்னலைகளைப் பெருக்கும் கலைக்கு வித்து. அக்குழாய் வகையின் துணையால், 1915-இல் நியூயார்க்கும் சான்பிரான்சிஸ்கோவும் தொலைபேசியில் பேசிக்கொண்டன. நியூயார்க்கில் ஒரு ராட்சதப் பெருக்கியை வைத்து அவர்கள் கத்தவில்லை. வழியில் இடையிடையே பெருக்கிகளை வைத்துக் குரலைக் கைமாற்றிக் கொண்டுபோனார்கள். அதுவும் போகும் குரல், வரும் குரல் இரண்டையும். நம் சென்னையில் கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் எழுந்த மாகாண வானொலிக் கழகம், 1924-இல் 40 வாட் கருவியுடன் ஒலிபரப்பைத் தொடங்கிப் பின்னர் 200 வாட்டுக்கு உயர்ந்தது. அங்கே ஆற்றலைக் கூட்டியது சரியே. ஏனெனில் ஒலிபரப்பில் ஒருவர் பேச, மற்றவர் கேட்டால் போதும். உறவு என்பது ஒலிபரப்பு அன்று.

அடுத்த விடுமுறையில் நண்பரையும் அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனோம். பெருக்கியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, மேட்டின் உச்சியிலிருக்கும் பாறையில் ஓர் இரும்புக் குழாயை நட்டோம். அங்கிருந்து பார்த்தால் இந்தப் பக்கம் வீட்டுக் கூரை. அந்தப் பக்கம் கீழ்த்தோட்டத்து வேலி. குழாயின் தலையில் மூன்றாவது கருவி ஒன்றை, சிறிய சூரிய மின்தகட்டுடன் கட்டினோம். அது கேட்டதைத் திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான். அதே 100 மில்லிவாட். கம்பியைத் தட்டினோம், வீட்டில் மணி அடித்தது. இம்முறை ஐந்து தடவை தட்டி, ஐந்து தடவையும் தாயார் வீட்டிலிருந்து கைவிளக்கைக் காட்டிய பிறகே இறங்கினோம்.

இன்னும் ஒன்று செய்தோம். அதைச் சொல்லிக் கொடுத்தது ரயில்வே. பழைய கைகாட்டி மரத்தின் கம்பி அறுந்துபோனால், அதன் கை ‘போகலாம்’ என்று நிற்பதில்லை; தானே ‘நில்’ என்னும் நிலைக்குத் திரும்பும். ஒரு நிலைய அதிகாரி அடுத்த நிலையத்தைக் கேட்டு, ‘லைன் கிளியர்’ என்ற பதில் வந்த பிறகே வண்டியை விடுவார். பதில் வராவிட்டால் பாதை காலியாக இருக்கிறது என்று அவர் கருதுவதில்லை. பாதையைப் பற்றித் தமக்கு ஒன்றும் தெரியாது என்றே கருதுவார். நாமோ, மணியின் மௌனத்தை நலம் என்று தந்தையாருக்குக் கற்பித்திருந்தோம். இப்போது வீட்டுக் கருவி நிமிடத்திற்கொரு முறை கேட்கும். மூன்று முறை பதில் வராவிட்டால் சிவப்பு விளக்கு எரியும். “சிவப்பு எரிந்தால் ஆனை இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள் அப்பா” என்றோம்.

ஆனையையும் மனிதரையும் காக்க இவ்வழியில் பெரிய முயற்சிகளும் நடக்கின்றன. வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினர், யானைகள் இருக்குமிடத்தைக் கைப்பேசிக் குறுஞ்செய்தியால் அறிவிப்பதோடு, கண்ணில் படும் உயர்ந்த இடங்களில் சிவப்பு விளக்குகளையும் அமைத்தார்கள். அப்பணியில் ஈடுபட்ட ஆனந்தகுமாருக்கு 2015-இல் விட்லி விருது கிடைத்தது. நாம் வேலைக்கு வந்துபோகும் பாதையிலேயே, எட்டிமடைக்கும் வாளையாற்றுக்கும் இடையில், 2021 நவம்பர் 26 இரவு மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்தன. அதன் பின்னர், 2024 பிப்ரவரியில் மதுக்கரை வனப்பகுதியில், சுமார் 7 கோடியே 24 லட்ச ரூபாய்ச் செலவில், 12 கோபுரங்களும் வெப்பத்தை உணரும் காமிராக்களும் கொண்ட கண்காணிப்பு அமைப்பு தொடங்கப்பட்டது. யானை பாதையை நெருங்கினால் ரயில்வேக்கும் வனத்துறைக்கும் செய்தி போகும். முன்பு யானையை நோக்கி ரயில் ஊதியது. இப்போது யானை வருவதை ரயில் கேட்கத் தொடங்கியிருக்கிறது.

அன்பர்களே! வெளியூரில் வாழும் நம்மிடம் மின்சாரம் இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, பேசிக்கொண்டேயிருக்கும் கைப்பேசி இருக்கிறது. ஆகவே பெருக்கியை நம் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறோம். “மருந்து சாப்பிடுங்கள், வெயிலில் போகாதீர்கள், பணம் அனுப்பியிருக்கிறேன்” என்று நம் குரல் ஊருக்குத் தெளிவாகப் போய்ச் சேருகிறது. அங்கிருந்து வரும் “நல்லாத்தான் இருக்குது” என்ற சொல்லைப் பச்சை விளக்காக எண்ணிப் பேச்சை முடித்துவிடுகிறோம். குறை அவர்களுடைய குரலில் இல்லை. அக்குரல் ஏறி வருவதற்கு நடுவில் ஒரு மேடு இருக்கிறது. சில வீடுகளில் அது கடன். சில வீடுகளில் நம்முடைய அவசரம். நமது வீட்டில் அது, மகன் வாங்கிக் கொடுத்த மணியைக் குறை சொல்லக்கூடாது என்ற தந்தையின் அன்பு. இப்போது நாம் இரவில் கேட்பது குறைவு. கேட்ட பின் காத்திருப்பது அதிகம். தாயாரிடம் தனியாகவும் பேசுகிறோம். பாறைமேல் நட்ட குழாய்போல, எங்கள் இருவர்க்கும் இடையே உயரத்தில் நிற்பவர் அவர்தாம்.

தந்தையார் பரணை முற்றிலும் விட்டுவிட்டார் என்று சொல்ல மாட்டோம். நிலா வெளிச்சத்தில் இன்றும் ஒருநாள் இருநாள் போகிறார்; போனால் சொல்லிவிட்டுப் போகிறார்.

சென்ற மாதம் ஒரு நாள் பின்னிரவு 1 மணி 40 நிமிடத்துக்கு நமது கைப்பேசி ஒலித்தது. பதறி எடுத்தோம். தந்தையார்தான். “மணி அடிச்சுது கண்ணு. ஒத்தை ஆனை. வேலியோரமாவே போயிருச்சு. நான் கதவைத் தொறக்கலை. சொல்லோணும்னு தோணுச்சு, அதான்” என்றார். நமக்கு நினைவு தெரிந்த நாளாய், ஊரிலிருந்து அவராகவே நம்மைக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.